நாலு லட்சமும் மூன்று கொட்டேஷனும்: கல்லூரி நூலகம் எதை வாங்கலாம்?

போன மாதம் ஒரு பழைய மாணவி போன் செய்தார். நூலக அறிவியல் படித்த காலத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்தவர். இப்போது அரசு உதவி பெறும் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நூலகர். காலையில் உதவி பெறும் பிரிவு, மதியத்துக்கு மேல் சுயநிதிப் பிரிவு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே நூலகம். "சார், மேசையில மூணு கொட்டேஷன் இருக்கு. புதன்கிழமை நூலகக் கமிட்டி. கையில நாலு லட்சம். எதுக்குக் கையெழுத்துப் போடறதுன்னு தெரியல."

மூன்றையும் வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். முதலாவது, மின்னூல் தொகுப்பு: பத்தாயிரம் தலைப்புகள், ஓராண்டுச் சந்தா, மூன்றரை லட்சம். இரண்டாவது, வழக்கமான புத்தகக் கடைக்காரர். துறைகள் கொடுத்த பட்டியலுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் போட்டிருந்தார். மூன்றாவது, நூலக மென்பொருள்: கிளவுட், மொபைல் ஆப், ஆண்டுப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம். கூட்டினால் ஏழு லட்சத்தைத் தாண்டுகிறது. ஏதோ ஒன்றை விட்டாக வேண்டும்.

அன்று ராத்திரி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். இதே மூன்று கொட்டேஷன் இந்நேரம் இன்னும் பல கல்லூரி மேசைகளில் கிடக்கும் என்பதால், பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

கொட்டேஷனைப் பார்த்ததும் கமிட்டியில் யாராவது ஒருவர் கால்குலேட்டரை எடுப்பார். மூன்றரை லட்சத்தைப் பத்தாயிரத்தால் வகுத்தால் முப்பத்தைந்து ரூபாய். டீயும் வடையும் சாப்பிடுகிற காசில் ஒரு புத்தகம்! அச்சுப் புத்தகமோ ஒன்று ஐந்நூறு ரூபாய். அந்த இடத்திலேயே கமிட்டி சாய்ந்துவிடும். இந்தக் கணக்கில் நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். அதற்கப்புறம் வேறு இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டேன். பணம் கட்டுவதை நிறுத்திய மறுநாள் நம் கையில் என்ன மிஞ்சும்? ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் ஒரு போனை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையால் இதைத் திறந்து படிக்க முடியுமா?

ஏற்கெனவே கையில் இருப்பது

எதையும் வாங்குவதற்கு முன் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆராய்ச்சி இதழ்கள் விஷயத்தில் இந்தியாவில் நிலைமை வெகுவாக மாறிவிட்டது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்சேவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் என்று 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் இதை ஒருங்கிணைக்கிறது; பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நூலக வலையமைப்பு மையம் அது. 6,300-க்கு மேற்பட்ட நிறுவனங்கள், சுமார் 1.8 கோடிப் பேர் பயன்பெறலாம் என்பது அரசின் கணக்கு.

ஆனால் இந்த முதல் கட்டத்துக்கான வரையறையில் 'மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள' நிறுவனங்கள் என்று இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரி என்றால் இதழ்களுக்குத் தனியாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கும் முன் பத்து முறை யோசியுங்கள். தனியார் நிர்வாகக் கல்லூரி என்றால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், "எல்லாருக்கும் வந்துடுச்சாமே" என்ற பேச்சை நம்பி இருக்கிற சந்தாவை வெட்டிவிடாதீர்கள். இன்னொன்று, இது இதழ்களுக்கான திட்டம். பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிற பிள்ளைக்கு வேண்டிய பாடநூல் எதுவும் இதில் வராது.

என் பழைய மாணவியின் கல்லூரிக்கு இருப்பது என்-லிஸ்ட், கல்லூரிகளுக்கு மின்னூல்களும் மின்னிதழ்களும் தருகிற திட்டம். 2010-இல் தொடங்கியது, இதையும் நடத்துவது இன்ஃப்ளிப்நெட்தான். அரசு உதவி பெறும் கல்லூரிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், சுயநிதிக் கல்லூரிக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்ற அளவில்தான் பல ஆண்டுகளாகக் கட்டணம் இருந்து வந்திருக்கிறது. நான் பணியில் இருந்தபோது ஒன்றரை லட்சத்துக்கு மேல் மின்னூல்கள் இதில் கிடைத்தன. அதாவது மூன்றரை லட்சத்துக்குப் பத்தாயிரம் தலைப்பு என்று ஒருவர் கொட்டேஷன் நீட்டும்போது, ஆறாயிரம் ரூபாய்க்குள் அதைப்போல் பதினைந்து மடங்கு நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. பொறியியல், மருத்துவம், மேலாண்மை, வேளாண்மைக் கல்லூரிகளுக்கு மட்டும் இந்தக் கதவு திறக்காது. அவர்கள் கதை வேறு.

"என்-லிஸ்ட்ல போன வருஷம் எத்தனை பேர் உள்ள போனாங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நாற்பத்தி ரெண்டு பேர் சார்." கல்லூரியில் இரண்டாயிரத்துச் சொச்சம் மாணவர்கள். என்-லிஸ்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உண்டு. கல்லூரி பட்டியல் கொடுத்தால்தான் வரும். ஆசிரியர்கள் பட்டியல் போயிருக்கிறது. மாணவர் பட்டியல் போகவே இல்லை. எக்ஸலில் பெயரும் மின்னஞ்சலும் சேர்த்து அனுப்புகிற வேலை. இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு வாரம்.

மின்னூல் தொகுப்பு

சரி, மூன்றரை லட்சத்துக்கு வருவோம். என் சொந்த அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருவதற்கு முந்தைய ஆண்டு இப்படி ஒரு தொகுப்பு வாங்கினோம். நாக் மதிப்பீட்டில் நூலகத்துக்கு என்று ஒரு பகுதி உண்டு: நூலகம் கணினிமயமாகி இருக்கிறதா, மின்வளங்களுக்குச் சந்தா இருக்கிறதா, ஆண்டுக்கு எவ்வளவு செலவு, நாளொன்றுக்கு எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்பார்கள். மின்னூல் பில் ஒன்று கோப்பில் இருந்தால் இரண்டு கேள்விக்கு ஒரே காகிதத்தில் பதில். மூன்று ஆண்டு கட்டினோம். குழு வந்து போனது, நல்ல கிரேடு வந்தது. நாலாம் ஆண்டு நிர்வாகம் கையை விரித்தது. ஏப்ரல் முதல் தேதி காலையில் ஒரு எம்.காம். மாணவி வந்து, "சார், பாதி படிச்சிட்டிருந்தேன், திறக்கல" என்றார். மூன்று ஆண்டில் ஏறக்குறைய பத்து லட்சம். நூலகத்துக்கு வந்த நூல்களைப் பதியும் ஆக்சஷன் ரிஜிஸ்டரில் ஒரு வரி இல்லை, அலமாரியில் ஒரு முதுகு இல்லை. கோப்பில் மூன்று பில்.

அந்த நிறுவனம் ஏமாற்றியது என்று நான் சொல்லவில்லை. சந்தா என்றால் வாடகை. வாடகை நின்றால் வீட்டைக் காலி செய்யத்தான் வேண்டும். வாடகை வீட்டுக்குக் கிரயப் பத்திரம் கேட்டது எங்கள் தவறு.

கட்டிக்கொண்டே இருந்தாலும் தொகுப்பு அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2022 ஆகஸ்ட் இறுதியில், அமெரிக்கக் கல்லூரிகளில் வகுப்பு தொடங்குகிற வாரத்தில், வைலி பதிப்பகம், நூலகங்களுக்கு மின்னூல்களைத் தொகுத்து விற்கும் புரோக்வெஸ்ட் நிறுவனத்தின் சந்தாத் தொகுப்பிலிருந்து 1,300-க்கு மேற்பட்ட தலைப்புகளை உருவிக்கொண்டது. அவற்றில் பல பாடத்திட்டத்தில் வைத்திருந்த நூல்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகு தற்காலிகமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த கட்டம் 2025 பிப்ரவரியில். புரோக்வெஸ்டைக் கையில் வைத்திருக்கும் கிளாரிவேட், மின்னூல்களை ஒரே தடவை விலை கொடுத்து நிரந்தரமாக வாங்கும் வழியையே படிப்படியாக மூடப்போவதாக அறிவித்தது. நூலகர்கள் கூச்சல் போட்டதும் காலக்கெடுவைத் தள்ளிவைத்தது. நம் ஊர்க் கல்லூரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம்மிடம் வருகிற கொட்டேஷன்களில் பலவும் இதே உலகச் சந்தையிலிருந்து சில்லறையாக வருபவைதான். பெரிய பல்கலைக்கழகங்களுக்கே வாங்கும் வழி குறுகுகிறது என்றால், நம்மிடம் பேரம் பேச என்ன இருக்கிறது?

தலைப்புகள் என்னென்ன என்று பட்டியலைத் திறந்து பார்த்தோம். பி.காம்., பி.பி.ஏ., கணினி அறிவியலுக்கு நிறைய. இயற்பியலுக்குப் பரவாயில்லை. பொருளாதாரத்தில் இந்தியப் பொருளாதாரம் பற்றி மிகக் குறைவு. தமிழ்த்துறைக்குப் பூஜ்யம். தமிழ்வழி வரலாறு, தமிழ்வழிப் பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கும் பூஜ்யம். அந்தக் கல்லூரியில் உதவி பெறும் பிரிவில் கிட்டத்தட்ட பாதிப் பேர் தமிழ்வழி. மூன்றரை லட்சமும் மற்ற பாதிக்கு மட்டும் போகிறது என்று கமிட்டியில் யாராவது வாய்விட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அப்புறம் போன். ஐந்தரை அங்குலத் திரையில் நானூறு பக்கப் பிடிஎஃப்-ஐ இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் படிப்பது என்னவோ தவம்தான். சில தொகுப்புகளில் ஒரு நூலை ஒரே நேரத்தில் ஒருவர்தான் திறக்கலாம். தேர்வுக்கு முந்தைய நாள் அறுபது பேருக்கு ஒரே நூல் வேண்டும். ஒருவர் உள்ளே, ஐம்பத்தொன்பது பேர் வெளியே. டிஜிட்டல் என்று பெயர், நிலைமை என்னவோ ஒரே பிரதி உள்ள ரெஃபரன்ஸ் நூல் மாதிரி.

இவ்வளவு சொன்னாலும் மின்னூலே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். முனைவர் பட்ட ஆய்வு நடக்கிற துறைகளில், அச்சில் பத்தாயிரம் பன்னிரண்டாயிரம் ரூபாய் விலையுள்ள நூலில் ஓர் இயல் மட்டும் தேவைப்படும் இடத்தில், மின்னூல் அருமையான ஏற்பாடு. பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்குத் திரைவாசிப்பான் உதவியோடு படிக்கத் தகுந்த மின்னூல் கிடைத்தால் அதற்கு ஈடாக அச்சில் எதுவும் இல்லை. பொறியியல் கல்லூரியில் தரவிதிகளும் மாநாட்டுக் கட்டுரைகளும் அச்சில் வாங்குகிற பொருளே இல்லை. இப்படிப்பட்ட தேவையை நூல்நூலாக எடுத்து, நிரந்தர உரிமையோடு வாங்க முடிந்தால் வாங்கலாம். நான் எதிர்ப்பது மூட்டையாகக் கட்டி விற்பதை.

அச்சுப் புத்தகம்

இரண்டாவது கொட்டேஷன் பார்க்க மங்கலாக இருந்தது. மஞ்சள் தாள், டாட் மேட்ரிக்ஸ் எழுத்து, கடைசியில் பத்து சதவீதக் கழிவு. கவர்ச்சியே இல்லை. என் முதல் கேள்விக்கு நேரான பதில் இதில்தான் இருந்தது. இன்றைக்குக் கடைசி ரூபாயைக் கட்டிவிட்டால், இருபது ஆண்டு கழித்தும் புத்தகம் இருக்கும். கரையான் விட்டால். அச்சு நூலுக்கு ஜிஎஸ்டியும் கிடையாது, மின்னூலுக்கு உண்டு. மூன்றரை லட்சம் என்று கொட்டேஷனில் இருந்தால் வரி அதில் அடக்கமா என்று கேளுங்கள்.

பட்டியலைப் பார்த்தபோது எனக்கு வருத்தம் வந்தது வேறொரு விஷயத்தில். எல்லாமே ஒற்றைப் பிரதி. நானூறு தலைப்பு, நானூறு பிரதி. பேராசிரியர்கள் பதிப்பக விலைப்பட்டியலில் டிக் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மார்ச் மாதம் பணம் தீர்க்கும் பழக்கத்தில் வளர்ந்த பட்டியல் அது. இளங்கலை மாணவர்களுக்கு வேண்டியது நேர்மாறு: முப்பது தலைப்பு, ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பிரதி. புத்தகம் சொந்தமாக வாங்க முடியாத வீட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பருவத் தொடக்கத்தில் கொடுத்து, தேர்வு முடிந்ததும் திரும்ப வாங்கும் 'புக் பேங்க்' பழைய ஏற்பாடு. பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள். கண்ணெதிரே பயன் தெரிகிற செலவு இதைவிட வேறில்லை.

தமிழ்வழி நூல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழக அரசுப் பணி நியமனங்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதனால் தமிழ்வழியில் சேர்கிறவர்கள் இன்று விவரத்தோடுதான் சேர்கிறார்கள். ஆனால் கல்லூரி அளவில் தமிழில் நல்ல பாடநூல் கைவிரலால் எண்ணக்கூடியது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தமிழ்வழிக் கல்லூரிக் கல்விக்காக அரசு வெளியிட்ட நூல்களைத் தமிழ்நாடு பாடநூல் கழகம் மறுபதிப்புச் செய்திருக்கிறது. சில துறைகளில் தகவல் பழையதாகிவிட்டது என்றாலும், கலைச்சொற்களை இவ்வளவு கவனமாகக் கையாண்ட நூல்கள் இப்போது வருவதில்லை. துறைகள் கொடுத்த பட்டியலில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டால், "விற்பனைப் பிரதிநிதி அதைக் கொண்டுவரலையே சார்."

இலவசமாகக் கிடைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களும் இதழ்களும் குவிந்து கிடக்கின்றன. இன்ஃப்ளிப்நெட்டின் ஷோத்கங்காவில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. தமிழ்த்துறை முதுகலை மாணவருக்கு இந்த இரண்டும் எந்த விலையுயர்ந்த தொகுப்பையும்விட உபயோகம். ஒரே சங்கடம், பழைய ஸ்கேன் பிரதிகளில் சொல்லைத் தட்டித் தேட முடியாது. படமாக இருப்பதைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

ஜெராக்ஸ் பற்றி ஒரு சந்தேகம் எப்போதும் வரும். புத்தகத்தில் ஓர் இயலை நகல் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை ஒன்றின் மேல் 2012-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்றும் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும், கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது என்ற நிலையை எடுத்தது. ஆக வகுப்புக்கு வேண்டிய பகுதியை நகலெடுக்கப் பயப்பட வேண்டாம். முழுப் புத்தகத்தையும் பைண்ட் செய்து விற்கிற கதை வேறு, அதை இதில் சேர்க்காதீர்கள்.

அச்சுக்கு எதிரான உண்மையான குறை விலையில் இல்லை, பூட்டில் இருக்கிறது. எத்தனையோ கல்லூரி நூலகங்களில் கண்ணாடி அலமாரி, பித்தளைப் பூட்டு, சாவி நூலகரின் மேசை இழுப்பறையில். காணாமல் போனால் ஓய்வூதியத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். மத்திய அரசின் பொது நிதி விதிகளே, வழங்கப்பட்ட அல்லது புரட்டிப் பார்க்கப்பட்ட நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைந்தால், அலட்சியமோ நேர்மையின்மையோ காரணமாக இல்லாதவரை, நியாயமான இழப்பு என்று ஏற்றுக்கொள்கின்றன. கமிட்டித் தீர்மானத்தில் இதை ஒரு வரியாகச் சேர்த்துப் பூட்டைக் கழற்றச் சொன்னேன். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் கணக்கு வாத்தியார் வேலையை விட்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். 1931-இல் அவர் சொன்ன ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அந்த ஐந்து விதிகளும் சட்டம் போட்டுத் தொங்குகிற சுவருக்குக் கீழேயே பூட்டிய அலமாரி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மென்பொருள்

இதில் அதிகம் யோசிக்க எதுவும் இல்லை. ஒன்றேகால் லட்சம் வேண்டாம், கோஹா என்ற திறந்த மூல நூலக மென்பொருள் போதும். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற மாவட்டத்து நூலகத்தின் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்ததும் 1999-இல் எழுதப்பட்டது. மவோரி மொழியில் பெயருக்கு அன்பளிப்பு என்று பொருள். உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் நிறுவவும் பழைய தரவை மாற்றவும் ஆள் வேண்டும், அதற்குக் காசு வேண்டும். 'இலவசம்' என்று கமிட்டியில் சொல்லிவிட்டு அப்புறம் பில் நீட்டினால் முதல்வர் முகம் மாறும். இன்ஃப்ளிப்நெட்டின் சோல், தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா இரண்டும் இருக்கின்றன. கோஹா ஓடுகிற லினக்ஸ் தெரிந்தவர் கல்லூரியில் யாரும் இல்லை என்றால் அவற்றில் ஒன்று நிம்மதி.

எதை எடுத்தாலும் இரண்டு நிபந்தனை. நம் தரவை முழுதாக, வேறு மென்பொருள் படிக்கும் வடிவத்தில், கேட்ட அன்று வெளியே எடுக்க முடிய வேண்டும். வாரத்துக்கு ஒரு பிரதி தனி ஹார்ட் டிஸ்கில் கல்லூரிக்கு வெளியே இருக்க வேண்டும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை இணையத் தாக்குதல்காரர்கள் முடக்கினார்கள். நூற்பட்டியலைத் தேடக்கூடிய நிலைக்குக் கொண்டுவரவே அடுத்த ஜனவரி ஆனது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி.

தமிழ் நூல்களைத் தமிழ் எழுத்திலேயே, யூனிகோடில் ஏற்றுங்கள். ஆங்கில எழுத்தில் 'சிலப்பதிகாரம்' என்று ஏற்றியவர் 'S'-இல் தொடங்கியிருப்பார், அடுத்தவர் 'C'-யில். தேடுகிற பிள்ளை இரண்டையும் தட்டாது. புத்தகம் இல்லை என்று போய்விடும்.

கொட்டேஷன் போட முடியாதது

மூன்று தாளிலும் இல்லாத ஒன்று ஆள். அந்த நூலகம் மாலை நாலரைக்கு மூடுகிறது. சுயநிதிப் பிரிவுக்கு வகுப்பு முடிவது ஐந்தரைக்கு. அந்தப் பிரிவு மாணவர்களும் நூலகக் கட்டணம் கட்டுகிறார்கள், ஆனால் திறந்த நூலகத்தை அவர்கள் பார்ப்பது வகுப்பை வெட்டினால்தான். கேட் ரிஜிஸ்டரில் வருகை குறைகிறது என்று கமிட்டி கவலைப்படுகிறதாம். ஏழு மணி வரை திறக்க உதவிக்கு ஓர் ஆள் போதும். முதுகலை மாணவர் இருவரைப் பகுதிநேரமாக வைத்துக்கொண்டால் ஆளுக்கு மாதம் மூவாயிரம், பத்து மாதத்துக்கு அறுபதாயிரம்.

இங்கே ஒரு சிக்கல். புத்தகம் வாங்க என்று வந்த பணத்தைச் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது, தணிக்கையில் மாட்டும். அதனால் இந்த அறுபதாயிரத்தைச் சுயநிதிப் பிரிவின் கணக்கிலிருந்து தனியாகக் கேட்கச் சொன்னேன். "கொடுப்பாங்களா சார்?" "அந்தப் பிள்ளைங்க கட்டற கட்டணத்தை எடுத்துக் காட்டும்மா. அவங்க காசு, அவங்க நேரம்."

நூலகருக்கு வேலையும் மாறிவிட்டது. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு ஓர் ஆய்வு மாணவர் ஐந்து கட்டுரைகளின் பட்டியலோடு வந்தார். ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதம். அரை நாள் தேடினேன். இரண்டு இருந்தன. மூன்று இந்த உலகத்தில் எழுதப்படவே இல்லை. செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலி உருவாக்கிக் கொடுத்தவை. இன்னொரு பக்கம், 'கேர்' என்ற தன் இதழ்ப் பட்டியலை யுஜிசி 2025-இல் கைவிட்டது. குறைகள் இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லையென்றால் அனுப்பாதே என்று சொல்லிவிட அது உதவியது. இப்போது பணம் வாங்கிக்கொண்டு மூன்றே நாளில் கட்டுரை வெளியிடும் போலி இதழ் எது, உண்மையானது எது என்று ஆய்வு மாணவர் நூலகரிடம்தான் வந்து கேட்கிறார். எந்தத் தொகுப்பை வாங்கினாலும் இந்தக் கேள்விக்கு அதில் பதில் இருக்காது.

கடைசியில் பிரித்தது

நாலு லட்சத்தை இப்படிப் பிரித்தோம். என்-லிஸ்ட் புதுப்பிப்பு, கூடவே டெல்நெட் உறுப்பினர் கட்டணம், இரண்டும் சேர்த்து இருபதாயிரத்துக்குள். டெல்நெட் வழியாக வேறு நூலகத்திலிருந்து நூலை இரவல் வாங்கலாம் என்பதால் ஒற்றைப் பிரதி ஆசையை அங்கே திருப்பிவிடலாம். அச்சு நூல்களுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், கடைக்காரர் கேட்ட அதே தொகை. ஆனால் பட்டியலைத் துறைகளுக்குத் திருப்பி அனுப்பி, தலைப்பைக் குறைத்துப் பிரதியைக் கூட்டி, மூன்றில் ஒரு பங்கு தமிழில் என்று எழுதி வாங்க வேண்டும். கோஹாவுக்கு மாறவும் பார்கோடு ஒட்டவும் அறுபதாயிரம். மீதி எண்பதாயிரத்தை ஜனவரி வரை தொடக்கூடாது. முதல் பருவத்தில் பிள்ளைகள் கேட்டு இல்லை என்று அனுப்பிய நூல்களை ஒரு நோட்டில் எழுதி வைத்து, அந்த நோட்டைப் பார்த்து வாங்க வேண்டும். ஆய்வுத் துறைக்கு இரண்டு மூன்று மின்னூல்கள் நிரந்தர உரிமையோடு தேவைப்பட்டால் அதுவும் இந்தப் பணத்தில்.

அரசுக் கல்லூரி என்றால் 'ஒரே சந்தா' வந்துவிட்டதால் அச்சுக்கு இன்னும் கூட்டிக்கொள்ளலாம். பொறியியல் கல்லூரி என்றால் இந்தக் கணக்கே தலைகீழ்; அங்கே இதழ்ச் சந்தாவில் கை வைத்தால் முதுகலையும் ஆய்வும் படுத்துவிடும்.

நாக் குழுவுக்கு என்ன காட்டுவது என்று கமிட்டியில் கேட்பார்கள் என்று பயந்தார். மின்வளச் சந்தா என்ற கேள்விக்கு என்-லிஸ்ட் ரசீதே பதில். நாளொன்றுக்கு எத்தனை பேர் என்ற கேள்விக்கு நூலகம் ஏழு மணி வரை திறந்திருந்தால் எண்ணிக்கை தானாக ஏறும். நாற்பத்தி இரண்டு என்ற எண்ணை மட்டும் இப்போதைக்கு யாரிடமும் காட்ட வேண்டாம் என்றேன்.

புதன்கிழமை சாயங்காலம் மறுபடி போன். மென்பொருளும் புத்தகமும் நாங்கள் பேசியபடியே நிறைவேறிவிட்டன. மின்னூல் தொகுப்பை ஓராண்டு தள்ளிவைத்திருக்கிறார்கள். வணிகவியல் துறைத் தலைவருக்குக் கோபமாம். மாலை நேர ஆளுக்கு நிர்வாகம் இன்னும் பதில் சொல்லவில்லை. "அதுவரைக்கும் என்ன சார் பண்றது?" என்றார்.

"மாணவர் பட்டியலை எக்ஸல்ல ஏத்த ஆரம்பிம்மா. அதுக்கு யார் கையெழுத்தும் வேண்டாம்."